நார்மல் ரிப்போர்ட்டும் டி3 மாத்திரையும்

சோர்வு, எந்நேரமும் குளிர், முடி கொட்டுதல், மலச்சிக்கல் என்று தைராய்டு குறைவின் அறிகுறிகள் எல்லாம் எனக்கு இருந்தன. தைராய்டை முடுக்க மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோனான டிஎஸ்எச் மட்டும் ஒவ்வொரு தடவையும் நார்மல். ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தபோதுதான் வில்சன் சிண்ட்ரோம் பற்றித் தெரியவந்தது. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் உடல் வெப்பம் 98.6-க்குக் கீழே இருந்தால், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன், உடலில் வேலை செய்யும் டி3-ஆக ஒழுங்காக மாறவில்லை என்று அர்த்தம். டி3 கொடுத்து வெப்பத்தை ஏற்றினால் சரியாகிவிடும். இது டெனிஸ் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் வாதம். ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தைராய்டு சங்கம் மறுத்திருக்கிறது. அந்த மறுப்பையும் படித்துவிட்டுத்தான் இந்தச் சிகிச்சை தரும் ஒருவரிடம் போனேன்.

விழித்து மூன்று மணி நேரம் கழித்து வாயில் தெர்மாமீட்டர். அப்புறம் மூன்று மணிக்கொரு தரம். சராசரியைக் குறித்துவைக்க வேண்டும். சூடாக எதையாவது குடித்திருந்தால் கணக்கு கெட்டுவிடும். எனக்கு 97.8-ஐச் சுற்றியே வந்தது. சிகிச்சை தந்தவர் அதையே நோய்க்குச் சாட்சியாகக் காட்டினார். 98.6 என்பது 19-ம் நூற்றாண்டுக் கணக்கு. 1992-ல் ஆரோக்கியமானவர்களை அளந்த ஆய்விலேயே சராசரி 98.2-தான் வந்தது. அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார், அவ்வளவுதான்.

மெதுவாகக் கரையும் டி3, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நிமிடம் பிசகாமல். அளவு படிப்படியாக ஏறியது. முதலில் நன்றாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன்: கை கால் சூடானது, மதியத் தூக்கம் போனது. ஆனால் டி3 தைராய்டு நன்றாக இருப்பவரையும்கூட முடுக்கிவிடும். அந்தச் சுறுசுறுப்பை வைத்துக் குறைபாடு இருந்தது என்று முடிவுகட்ட முடியாது.

அப்புறம் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் இதயம் அடிப்பது தலையணையில் கேட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டியது. சிகிச்சை தந்தவரைக் கேட்டதற்கு, “வெப்பம் இன்னும் ஏறவில்லையே, அளவைக் கூட்டுங்கள்” என்றார். அதோடு அவரிடம் போவதை நிறுத்தினேன்.

அடுத்துப் போன எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் சிறப்பு மருத்துவர், திட்டவில்லை. முதலில் ஈசிஜி, பிறகு ரத்தம். டிஎஸ்எச் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். டி3-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். சில வாரங்களில் டிஎஸ்எச் பழைய இடத்துக்கு வந்தது.

சோர்வும் கூடவே வந்துவிட்டது. ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 பார்த்தாயிற்று. ஃபெரிட்டின் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது. குறட்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அடுத்தது தூக்கப் பரிசோதனை.