கோசாய்குண்டா: ஏழு நாள் குறிப்பு

அக்டோபர் 27, 2023 – துன்ச்சே, சுமார் 2,000 மீட்டர்

கோசாய்குண்டா நேபாள மலையில் உள்ள சிவன் ஏரி, அதற்கு நடை தொடங்கும் ஊர் துன்ச்சே. காத்மாண்டுவின் மச்சபோக்கரி பேருந்து நிலையத்திலிருந்து துன்ச்சேக்குப் பேருந்து காலையில்தான். 120 கிலோமீட்டருக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். பேத்ராவதி தாண்டியதும் சாலை மலையைப் பிடித்து ஏறுகிறது. மழைக்காலத்தில் சரிந்த இடங்களில் தார் இல்லை, வெறும் கல்லும் சேறும். மாலைக்கு ஏதாவது வேலை வைத்துக்கொண்டு இந்தப் பேருந்தில் ஏறாதீர்கள்.

ஊருக்குள் நுழையுமுன் லாங்டாங் தேசியப் பூங்காவின் சோதனைச் சாவடி. நுழைவுச் சீட்டு இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு 1,500 நேபாள ரூபாய், மற்ற நாட்டினருக்கு 3,000. மேலேயும் சீட்டைக் கேட்பார்கள், கசங்காமல் வையுங்கள். இந்தியர்களுக்கு அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை நம்பி விமான நிலையம் போய் நிற்க வேண்டாம். துன்ச்சேக்கு மேலே ஏடிஎம் கிடையாது. சில்லறை நோட்டாகப் பணம் வேண்டும். வெந்நீருக்கும் போன் சார்ஜுக்கும் தனித்தனியாகக் காசு, உயரம் ஏற ஏற விலையும் ஏறும்.

அக்டோபர் 28 – சந்தன்பாரி, 3,330 மீட்டர்

இந்தப் பாதையில் மிகக் கடினமான நாள் இதுதான், ஏரிக்குப் போகும் நாள் அல்ல. ஒரே நாளில் 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம், ஆறு ஏழு மணி நேரம். ஆற்றைக் கடந்ததும் காட்டுக்குள் செங்குத்தாக ஏறத் தொடங்கினால் தேவ்ராலி வரை சமதளமே இல்லை. தேவ்ராலி 2,600 மீட்டர் சொச்சம். மூச்சு வாங்குகிறவர்கள், வயதானவர்கள் இங்கேயே இரவு தங்கி இந்த ஏற்றத்தை இரண்டாக உடைப்பது நல்லது.

வேகத்துக்கு ஓர் அளவு: பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நடுவில் மூச்சுக்கு நிறுத்தினால் வேகம் அதிகம். ஏறத் தொடங்குமுன்பே ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். வியர்வையில் நனைந்த பனியனோடு மேலே போய் உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் குளிர் பிடித்துக்கொள்ளும். பருத்தி உள்ளாடை இதற்கு ஆகவே ஆகாது.

சந்தன்பாரியில் சிங் கோம்பா என்ற பௌத்த மடம் உண்டு, ஊருக்கே அந்தப் பெயரும் வழங்குகிறது. பாலாடைக்கட்டிப் பட்டறையும் உண்டு. பல்லுக்கு வேலை கொடுக்கும் கெட்டி ரகம், பையில் பல நாள் தாங்கும்.

அக்டோபர் 29 – சந்தன்பாரி, இரண்டாம் இரவு

இன்று முன்னேற்றம் இல்லை. பலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இந்த நாளைத்தான், மேலே போய் மாட்டிக்கொள்வதும் அதனால்தான்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் பரவாயில்லை, படுக்கும் உயரம்தான் கணக்கு. நாளைய தங்குமிடம் 580 மீட்டர் மேலே, அந்த அளவைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதனால் இன்று இங்கேயே தங்கி, சோலாங்பாட்டி வரை, 3,584 மீட்டர், ஏறிவிட்டுத் திரும்பினோம். செம்பாண்டா வாழும் காடு. அது கண்ணில் படுவது அபூர்வம்.

ஏரிக்கு வரும் யாத்ரீகர்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. அதில் 68 சதவீதத்தினருக்கு, காற்று மெலிந்த உயரத்தில் வரும் உயர நோய், 31 சதவீதத்தினருக்கு மூளை வீக்கத்தின் அறிகுறி. சாதாரண டிரெக்கிங் கூட்டத்தில் இப்படி ஒரு எண் வராது. யாத்ரீகர் ஒன்றிரண்டு நாளில் மேலே போய்விடுகிறார். விரதத்தில் தண்ணீரும் குறைவு. தலைவலி வந்தால் சாமியை நினைத்துக்கொண்டு இன்னும் மேலே ஏறுகிறார்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி இதில் ஒன்று சேர்ந்தாலும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். குறையாவிட்டால் இறங்க வேண்டும். சந்தேகம் வந்தால் குதிகாலும் விரலும் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. துணையோடு அப்போதே இறக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை முன்தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். தலைவலியோடு இதை விழுங்கிவிட்டு மேலே ஏறுவதுதான் தப்பு.

அக்டோபர் 30 – லவுரிபினா, 3,910 மீட்டர்

நேபாளியில் லௌரோ என்றால் ஊன்றுகோல், பினா என்றால் இல்லாமல். ஊன்றுகோல் இல்லாமல் ஏற முடியாத இடம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள், இறங்கும்போது முழங்காலுக்கு இன்னும் நன்றாகப் புரியும். மரங்கள் முடிந்து வெட்டவெளி. காலையில் மேற்கே மனாஸ்லு வரை தெரியும், மதியம் மேகம் ஏறி மூடிவிடும். மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

இன்றிரவிலிருந்து உறைபனி. தண்ணீர் வடிகட்டியைத் தூங்கும் பைக்குள் போட்டுக்கொண்டு படுங்கள். குழல்வகை வடிகட்டி ஒரு முறை உறைந்தாலே உள்ளே வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. குளோரின் மாத்திரையைக் குளிர்ந்த நீரில் அரை மணிக்கும் கூடுதலாக விட வேண்டும். போனும் பவர் பேங்கும் பையோடு படுக்கட்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

அக்டோபர் 31 – கோசாய்குண்டா, 4,380 மீட்டர்

மூன்று நான்கு மணி நேர நடை. பாதை மலைச்சரிவை அரிந்து ஒடுக்கமாகப் போகிறது. வெயில் படாத வளைவுகளில் ஊறிய நீர் கண்ணாடியாக உறைந்திருக்கும், வழுக்கி விழுவதும் அங்கேதான். கோவேறு கழுதை எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. முதலில் கீழே சரஸ்வதி குண்டம், பிறகு பைரவ குண்டம், கடைசியில் பெரிய ஏரி.

ஆலகாலம் குடித்த சிவன் தொண்டை எரிச்சல் தணியத் திரிசூலத்தால் மலையைக் குத்தினார், அதில் பீறிட்ட நீர் இது என்பது ஐதீகம். இங்கிருந்து போகும் நீர் திரிசூலி ஆற்றில் சேர்கிறது. நடுவே நீருக்கடியில் தெரியும் பாறையைச் சிவனாகவே கும்பிடுகிறார்கள். கரையில் லிங்கமும் மணிகளும். இதையும் சுற்றியுள்ள ஏரிகளையும் 2007-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பூஜைப் பொட்டலம் எதுவும் நீருக்குள் போகக் கூடாது.

பெரிய கூட்டம் ஜனை பூர்ணிமாவுக்கு. யஜுர்வேதிகளுக்குப் பெரும்பாலும் ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமி. பூணூல் மாற்றுவதும் உண்டு, மணிக்கட்டில் மஞ்சள் சிவப்பு நூல் கட்டுவதும் உண்டு. தாமாங் இனப் பூசாரிகள் மேளத்தோடு ஏறி வருவார்கள். ஆனால் அது ஆகஸ்ட்: மழை, அட்டை, தங்க இடமில்லை. திருவிழாவைப் பார்ப்பதா, மலையைப் பார்ப்பதா என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

முழுக்குப் போடுவதானால் வெயில் நேரே விழும் நடுப்பகலில். குதிக்கக் கூடாது, குளிர் அதிர்ச்சியில் மூச்சு தன்னால் இழுத்துத் தண்ணீர் உள்ளே போகும். முழங்கால் அளவில் நின்று, கை கால் முகம் நனைத்து, மூச்சு சீரானதும் ஒரே முழுக்கு. உலர்ந்த துணி கரையில் விரித்துத் தயாராக இருக்க வேண்டும், விறைத்த விரலால் பை ஜிப்பைத் திறக்க முடியாது. இதய நோயாளிகள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

இங்கே தண்ணீர் 86 டிகிரிக்குள் கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாத அடுப்படியில் சோறு கேட்டால் அரைவேக்காட்டுச் சோறுதான் வரும். சூப்பும் உருளைக்கிழங்கும் கேளுங்கள்.

நவம்பர் 1 – மீண்டும் சந்தன்பாரி

விடியற்காலையில் லவுரிபினா கணவாய் வரை, 4,610 மீட்டர், ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கணவாயைத் தாண்டினால் பேடி, கோப்தே, தாரேபாட்டி வழியாக சுந்தரிஜல் வரை இறங்கலாம், இன்னும் மூன்று நான்கு நாள். மேகம் இறங்கினால் அந்தப் பக்கம் பத்தடி முன்னால் தெரியாது. 1991 டிசம்பரில் ஜேம்ஸ் ஸ்காட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவ மாணவர் அங்கே பனிப்பொழிவில் வழி தவறினார், 43 நாள் கழித்துத்தான் மீட்டார்கள். புதுப் பனி விழுந்த மறுநாள் தனியாக அந்தக் கணவாயில் கால் வைக்க வேண்டாம்.

நவம்பர் 2 – துன்ச்சே

இறக்கத்துக்கு நாலு மணி நேரம். கால் நகங்களை நேற்றே வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஷூ முனையில் இடித்துக் கறுத்துவிடும். காத்மாண்டுப் பேருந்துக்குச் சீட்டை இன்று மாலையே வாங்கியாகிவிட்டது, விடிந்தபின் போனால் கடைசி வரிசைதான் மிஞ்சும்.