அம்பு வரையும் முன் கார்பனுக்கு எண்ணிடுங்கள்

முதுகலை முதலாண்டுத் தேர்வில் நான் எழுதிய ஒரு விடை இன்றும் கண்முன் நிற்கிறது. பென்சீன் வளையத்தின் அடுத்தடுத்த கார்பன்களில் மெத்தாக்சி (OCH3) தொகுதியும் குளோரினும் கொண்ட ஆர்த்தோ-குளோரோஅனிசோலைத் திரவ அம்மோனியாவில் சோடியம் அமைடுடன் வினைபுரியச் செய்தால் கிடைப்பது எது என்பது கேள்வி. குளோரின் இருந்த அதே கார்பனில் அமினோ தொகுதியை வைத்து, எலக்ட்ரான்களின் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புகளையும் ஒழுங்காக வரைந்து, முழு மதிப்பெண் உறுதி என்று நம்பியிருந்தேன். "உண்மையில் கிடைப்பது மெட்டா" என்ற ஒற்றை வரியோடு விடைத்தாள் திரும்பி வந்தது; அதாவது அமினோ தொகுதி மெத்தாக்சிக்கு அடுத்த கார்பனில் அல்ல, ஒன்று தள்ளிய கார்பனில் அமர்கிறது.

எனக்குப் பிடித்தமான விடைக்குத் தகுந்தபடி அம்புகளை வளைத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. குளோரோபென்சீன் எளிதில் இணங்காத சேர்மம்: எலக்ட்ரான் தந்து பிணையும் கருக்கவர் பொருள் வளையத்தின் பின்புறமாக வந்து தாக்க வழியில்லை, நைட்ரோ போன்ற எலக்ட்ரான் கவரும் தொகுதி வளையத்தில் இல்லாவிட்டால், அது வந்து சேர்வதும் கடினம். அதனை ஃபீனாலாக மாற்ற 623 கெல்வின் வெப்பநிலையும் 300 வளிமண்டல அழுத்தமும் வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருந்த நான், மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் அம்மோனியாவில் அமைடு அயனி (NH2⁻) அதே பிணைப்பை எளிதாக முறிக்கிறது என்றால் வழியே வேறாக இருக்குமோ என்று ஐயுற்றிருக்க வேண்டும்.

அந்த ஐயத்தை அமெரிக்க வேதியியலர் ஜான் ராபர்ட்ஸும் அவர் குழுவினரும் 1953-இல் ஆய்வுக்கு உட்படுத்தினர். குளோரின் இணைந்த கார்பனை மட்டும் கதிரியக்கமுள்ள கார்பன்-14 ஆகக் கொண்ட குளோரோபென்சீனைப் பொட்டாசியம் அமைடுடன் வினைபுரியச் செய்து, கிடைத்த அனிலீனின் வளையத்தைப் படிப்படியாகச் சிதைத்து, கதிரியக்கம் எந்தக் கார்பனில் இருக்கிறது என்று பார்த்தனர். ஏறத்தாழப் பாதி அமினோ தொகுதி இணைந்த கார்பனிலும், மறுபாதி அதற்கு அடுத்த கார்பனிலும் இருந்தது. நேரடிப் பதிலீட்டில் இது நிகழவே முடியாது. அமைடு முதலில் ஆர்த்தோ ஹைட்ரஜனைப் பறிக்கிறது, குளோரைடு வெளியேறுகிறது, அந்த இரு கார்பன்களும் மும்மைப் பிணைப்பால் இணைந்து ஒன்றுக்கொன்று நிகராக நிற்கும் பென்சைன் என்ற இடைநிலை உருவாகிறது. அமைடு அவற்றில் எதனோடும் சேரலாம்.

என் விடையில் இருந்த பிழைக்கு வருகிறேன். மெத்தாக்சி தொகுதி உடனிசைவால் (வளையத்தின் பை எலக்ட்ரான் மண்டலத்தில் எலக்ட்ரான்கள் பரவுவதால்) எலக்ட்ரானைத் தரும் என்று மனனம் செய்திருந்தோம். ஆனால் பென்சைனோடு அமைடு சேரும்போது உருவாகும் எதிர்மின்சுமை, வளையத்தின் தளத்திலேயே கிடக்கும் எஸ்பி2 ஆர்பிட்டாலில் இருக்கிறது. பை எலக்ட்ரான் மண்டலம் அதற்குச் செங்குத்தானது. ஆகவே உடனிசைவு அங்கே எட்டாது. ஆக்சிஜனின் தூண்டல் விளைவு, அதாவது பிணைப்புகள் வழியாக அது எலக்ட்ரானை இழுப்பது, மட்டுமே எட்டும். மின்சுமை மெத்தாக்சிக்கு அடுத்த கார்பனில் அமைவதே நிலைத்தன்மை தருகிறது. அமினோ தொகுதி அதற்கும் அடுத்ததான மெட்டா இடத்துக்குப் போகிறது. உடனிசைவு எங்கே செயல்படும் என்று கேட்காமல் அதைப் பயன்படுத்துவதே இந்தப் பாடத்தில் மாணவர்கள் வழுக்கும் இடம் என்பது என் அனுபவம்.

ஜெர்மானிய வேதியியலர் கேயோர்க் விட்டிக் 1942-லேயே இத்தகைய இடைநிலையைக் கருதியிருந்தார். பின்னர் ஃபியூரானைக் கொண்டு பென்சைனைப் பிடித்தும் காட்டினார். இருந்தாலும் என்னை முழுதாக நம்பவைத்த சான்று, நடக்காமல் போன ஒரு வினை. 2-புரோமோ-3-மெத்தில்அனிசோலில் புரோமினின் இருபுறமும் தொகுதிகள் அமர்ந்திருப்பதால், பறிக்க ஆர்த்தோ ஹைட்ரஜன் இல்லை. அமைடு அதனோடு வினைபுரிவதில்லை.

இப்போது என் மாணவர்களிடம் முதலில் கார்பன்களுக்கு எண்ணிடச் சொல்கிறேன். ஹைட்ரஜன் உள்ள இடங்களைக் குறித்த பிறகுதான் அம்பு. சென்ற வாரம் ஒரு மாணவி இப்படியே, மெத்தில் தொகுதிக்கு நேரெதிரே குளோரின் உள்ள பாரா-குளோரோடொலுவீனில் தொடங்கி, மெட்டா, பாரா டொலுயிடின்கள் (குளோரினுக்குப் பதில் அமினோ தொகுதி கொண்டவை) இரண்டும் கிடைக்கும் என்று சரியாக எழுதினாள். பின் தாளைத் திருப்பி, மெட்டா-குளோரோடொலுவீனுக்கு இருபுறமும் ஹைட்ரஜன் இருக்கிறதே, அப்படியானால் இரண்டு பென்சைன்களும் மூன்று டொலுயிடின்களும் வருமா என்று கேட்டாள். வரும்.