ஒன்பது பீரியட்

மூன்று அரியரோடு மூன்றாம் ஆண்டுக்குப் போனபோது என்னை யாரும் தடுக்கவில்லை. தடுத்தது ஒன்பது பீரியட்.

2018 அக்டோபர் கடைசியில் துறைப் பலகையில் வருகைப்பதிவுப் பட்டியல் ஒட்டினார்கள். 540 பீரியடில் நான் வந்தது 342. அதாவது 63 சதவீதம். எங்களுடையது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் நடுவே இருந்தால் மருத்துவச் சான்றிதழும் முதல்வரின் பரிந்துரையும் காப்பாற்றும். 65-க்குக் கீழே போனால் எந்தச் சான்றிதழும் செல்லாது; ஹால் டிக்கெட் வராது, அதே செமஸ்டரை அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். 65-க்கு 351 பீரியட் வேண்டும்; எனக்கு ஒன்பது குறைந்தது. மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்திருந்தது உண்மை, சான்றிதழும் இருந்தது. ஆனால் தாம்பரத்தில் கல்லூரிப் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு, முதல் பீரியட் எப்படியும் போயிற்று என்று டீக்கடையில் உட்கார்ந்த காலைகளுக்கு எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்?

அப்பாவைத் துறைத் தலைவரிடம் அழைத்துப் போனேன்.

"ஒன்பது பீரியட்தானே சார், பையனுக்குக் கொஞ்சம் தயவு பண்ணுங்கள்."

"இவனுக்குச் செய்தால் 64-ல் நிற்கிற பையனுக்கு நான் என்ன பதில் சொல்வது ஐயா?"

மின்சார ரயிலில் வீடு வரும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எட்டு மாதம் ரிச்சி தெருவில் ஒரு லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தேன். ஜூனில் நேராகப் போய் வகுப்பில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, மறுசேர்க்கை ஆணை வேண்டும் என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது. விண்ணப்பம் கல்லூரி வழியாகக் கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போக வேண்டும். என் கோப்போ கல்லூரி அலுவலக மேசையிலேயே இரண்டு வாரம் தூங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துச் சலித்தே அனுப்பிவைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆணை வந்தது. கூடவே யாரும் எச்சரிக்காத இன்னொன்றும் வந்தது. நான் 2016-இல் சேர்ந்தவன், எனக்கு 2013 ஒழுங்குமுறை, அதாவது பல்கலைக்கழகம் அந்த ஆண்டு வகுத்த பாடத்திட்ட விதிகள். இப்போது உட்காரப்போவது 2017-இல் சேர்ந்த ஜூனியர்களோடு. அவர்களுக்குப் பாடத்திட்டமே வேறு. அவர்கள் ஏற்கெனவே முடித்திருந்த, நான் கண்ணால்கூடப் பார்த்திராத இரண்டு தாள்களைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. பழைய அரியர் மூன்றோடு சேர்த்து ஐந்து. வீட்டில் சும்மா இருந்த ஆண்டு கணக்கில் வராது என்று ஒரு நண்பன் தேற்றினான். வரும். பி.இ.க்கு அதிகபட்சம் 14 செமஸ்டர், அதாவது ஏழு ஆண்டு. முதல் செமஸ்டரில் ஓடத் தொடங்கிய கடிகாரம் இடையில் நிற்பதில்லை.

ஜூனியர்கள் முதல் வாரம் என்னை 'சார்' என்றார்கள், பிறகு 'அண்ணா'. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டின் பின்னட்டையில் பீரியடுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அந்த செமஸ்டரில் 91 சதவீதம். அடுத்ததில், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கல்லூரியை மூடினார்கள். வகுப்பு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தாம்பரமும் இல்லை, பேருந்தும் இல்லை. பாயில் படுத்தபடியே 'உள்ளேன்' சொல்லி 98 வாங்கினேன்.