பின்பக்கத்துல குடியிருக்கிறவங்க

எங்க தெருவை ஒட்டின காலி இடத்துல கமர்ஷியல் காம்ப்ளெக்ஸ் வரப்போகுதுன்னு தெரிஞ்ச நாள்லேருந்து எங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப் தூங்குறதே இல்ல, குட் மார்னிங் படமெல்லாம் நின்னுபோச்சு, ஆளாளுக்கு வக்கீலாயிட்டாங்க. “ஏரியாவோட அமைதியே போச்சு”, “வீட்டு மதிப்பு விழுந்துடும்”, “கண்ட கண்ட ஆளெல்லாம் உள்ள வருவாங்க”, “ஒரு செங்கல் வைக்க விடக்கூடாது”. எனக்கும் அந்தக் கட்டடம் பிடிக்கல, அதை முதல்லயே சொல்லிடறேன், எதிர்ப்பு மனுல என் கையெழுத்தும் இருக்கு. ஆனா இந்த வாதமெல்லாம் பர்மிஷன் குடுக்கிற ஆளு முன்னாடி நிக்காது, அது கூட பரவாயில்ல, நாளைக்கு நம்மள நிஜமாவே தூங்கவிடாம அடிக்கப்போற எதுவுமே அந்த லிஸ்ட்ல இல்லங்கறதுதான் என் கவலை.

பில்டர் சைடுல ஒரு கூட்டம் போட்டாங்க. பெரிய ஸ்கிரீன்ல த்ரீடி படம். கண்ணாடி முகப்பு, முன்னாடி வரிசையா மரம் (கட்டடம் திறக்கிற அன்னிக்கே முப்பது வருஷ மரம் எங்கேருந்து வரும்னு யாரும் கேக்கல), குழந்தைய தள்ளுவண்டில வெச்சு தள்ளிட்டு போற ஒரு அம்மா, வானத்துல அளவா நாலு மேகம். எங்க ஆளுங்களும் அந்தப் படத்தைப் பாத்துதான் சண்டை போட்டாங்க, உயரம் ஜாஸ்தி, கண்ணாடி கண்ணைக் கூசும், கலர் நல்லால்ல. எனக்கு ஒரே ஒரு டவுட்டுதான். இந்த முகப்பு மெயின் ரோட்டைப் பாத்து இருக்கு, நாம குடியிருக்கிறது பின்னாடி. பின்பக்கத்துப் படம் எங்க?

அப்பறம் தரைத்தள வரைபடத்தோட காப்பி வாங்கி டேபிள்ல விரிச்சு, ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் சாரும் நானும் உக்காந்து பாத்தோம். அவர் மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு விரலை மெதுவா பின் எல்லைக்கோடு மேலயே ஓட்டிட்டு வந்தார். ஒரு மூலைல விரல் நகம் அளவு ஒரு செவ்வகம், உள்ள பொடி எழுத்துல ‘டிஜி’ன்னு போட்டிருக்கு. டீசல் ஜென்செட். ஸ்கேல் வெச்சு அளந்தா காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டோட பெட்ரூம் ஜன்னலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கார் நிறுத்துற இடம் கூட இல்ல. அதுக்குப் பக்கத்துல குப்பை ரூம், அதையொட்டி லோடு இறக்குற இடம், அங்கேருந்து வண்டி வெளிய போற கேட்டு எங்க சந்துல திறக்குது. கீழ்த்தள பார்க்கிங்குக்கு இறங்குற சரிவும் அங்கதான். ராத்திரி சரிவுல ஏறி வர்ற ஒவ்வொரு காரும் மேல வந்தவுடனே ஹெட்லைட்டை நேரா எதிர்வீட்டு ஜன்னல்ல அடிக்கும், ஏத்தத்துக்கு ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்கும். மூணு மணி நேரக் கூட்டத்துல இதப்பத்தி ஒரு வார்த்தை வரல.

சத்தத்தைப் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்றேன், ஏன்னா கடைசில வாழ்க்கைய கெடுக்கிறது அதுதான். திறந்த வெளில ஒரு மெஷின்லேருந்து வர்ற சத்தம், தூரம் ரெண்டு மடங்காகுறப்போ சுமாரா 6 டெசிபல் குறையும். அதாவது 3 மீட்டர்ல இருக்கிறதை 12 மீட்டருக்கு தள்ளினா 12 டெசிபல் போயிடும், நம்ம காதுக்கு 10 டெசிபல் குறைஞ்சாலே சத்தம் பாதியான மாதிரி கேக்கும். அந்த செவ்வகத்தை வரைபடத்துல இங்கேருந்து அங்க நகத்துறதுக்கு இன்னிக்கு ஆகுற செலவு ஒண்ணுமே இல்ல, மவுசை இழுத்தா போதும், கான்கிரீட் போட்டப்பறம் நகத்த யாராலயும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2018ல ஐரோப்பாவுக்குன்னு குடுத்த வழிகாட்டுதல்ல ரோட்டு சத்தம் ராத்திரில சராசரியா 45 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. சராசரிங்கறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, விடியக்காலைல லாரி ரிவர்ஸ் எடுக்கிறப்போ வர்ற பீப் பீப் ரெண்டு நிமிஷம்தான், சராசரில அது காணாமயே போயிடும், ஆனா அதுல முழிச்சவன் முழிச்சவன்தான். இதுக்கு பீப்புக்கு பதிலா ‘உஸ்ஸ்’னு பரவலா சத்தம் குடுக்கிற அலாரம் இருக்கு, லாரிக்குப் பின்னாடி நிக்கிற ஆளுக்கு நல்லா கேக்கும், தூரத்துல இருக்கிறவங்களை அவ்வளவா குத்தாது. அத கேக்கலாம். கேட்டாதான் கிடைக்கும்.

“நடுவுல மரம் வெச்சுத் தர்றோம் சார், சத்தமே வராது”ன்னு ஒருத்தர் கூட்டத்துல சொன்னார், எங்க ஆளுங்களும் கை தட்டினாங்க. மரம் வேணும், நிழலுக்கு வேணும், கண்ணுக்கு வேணும், ஆனா சத்தத்துக்கு ஒரு வரிசை மரத்தால ஒரு புண்ணியமும் இல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காரங்க கணக்குப்படி 10 டெசிபல் குறையணும்னா சுமாரா 61 மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியா தோப்பு வேணும். அவ்வளவு இடம் இருந்தா நமக்கு பிரச்னையே இல்லயே! சுவர் வேலை செய்யும், ஆனா சத்தம் வர்ற இடத்துக்கும் நம்ம காதுக்கும் நடுவுல நேர்கோட்டை மறைச்சாதான், அதனால கீழ்வீட்டுக்காரருக்கு உதவுற சுவர் மாடிவீட்டுக்காரருக்கு உதவாது. மொட்டைமாடில வரிசையா உக்காரப்போற ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் இதே கதைதான்.

டிராபிக் ஸ்டடின்னு ஒரு கட்டு பேப்பர் குடுத்தாங்க. அதுல எந்த நாள் எந்த நேரம் எண்ணினாங்கன்னு முதல்ல பாக்கணும். வேலைநாள் காலைல ஆபீஸ் டைம்ல எண்ணியிருக்காங்க. கடை காம்ப்ளெக்ஸுக்கு கூட்டம் வர்றது லீவு நாள் சாயங்காலம்ல?

மழைத்தண்ணி கணக்கை நானே போட்டேன், கால்குலேட்டர் கூட வேண்டாம். 1000 சதுர மீட்டர் மண்ணை கான்கிரீட்டும் டைல்ஸும் போட்டு மூடினா, 50 மில்லிமீட்டர் மழைக்கு அது மேல விழறது 50,000 லிட்டர். இப்போ அதுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகுது, இனிமே கிட்டத்தட்ட எல்லாமே ஓடும், ஓடுறது பள்ளத்தைப் பாத்துதான் ஓடும், பள்ளம் எங்க பக்கம். இந்தத் தண்ணிய உள்ளயே தேக்கி மெதுவா விடறதுக்கு தொட்டி எங்கன்னு கேட்டதுக்கு “டீட்டெய்ல் டிராயிங்ல வரும்”னாங்க.

இப்போ குரூப்ல ஓடுற வாதங்களுக்கு வர்றேன். வீட்டு மதிப்பு குறையும்ங்கறது, ஜன்னல்லேருந்து தெரியற காட்சி மறைஞ்சுடும்ங்கறது, ரெண்டையும் இங்கிலாந்துல பிளானிங் பர்மிஷன் விஷயத்துல கணக்குலயே எடுக்க மாட்டாங்க. சத்தம், வெளிச்சம் மறையறது, போக்குவரத்து, அடுத்த வீட்டுக்குள்ள எட்டிப்பாக்கற மாதிரி ஜன்னல் வைக்கறது, இதெல்லாம் எடுப்பாங்க. சட்டம் எல்லா ஊர்லயும் அப்படியே இருக்காதுதான், ஆனா எந்த அதிகாரியா இருந்தாலும் அளந்து காட்ட முடிஞ்ச விஷயத்தை ஒதுக்கறது கஷ்டம், “எங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கு”ங்கறதை ஒதுக்கறது சுலபம்.

“கண்ட கண்ட ஆளு வருவாங்க”ங்கற வாதத்தை மட்டும் நான் சும்மா விடமாட்டேன். வீடு இருக்கிற இடத்துல வீடு, கடை இருக்கிற இடத்துல கடைன்னு ஊரைப் பிரிச்சு வைக்கிற சட்டத்துக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பச்சைக்கொடி காட்டினது 1926ல, யூக்ளிட்ங்கற சின்ன ஊருக்கும் ஆம்ப்ளர்ங்கற ரியல் எஸ்டேட் கம்பெனிக்கும் நடந்த கேஸ்ல. ஜட்ஜ் சதர்லாண்ட் எழுதின தீர்ப்புல, பன்னி தொழுவத்துல இருந்தா சரி, வரவேற்பறைல இருந்தா தொல்லை, அந்த மாதிரி சரியான பொருள் தப்பான இடத்துல இருந்தாலே அது தொல்லைதான்னு வருது. சரி, ஃபேக்டரி விஷயத்துல ஒத்துக்கலாம். ஆனா அதே தீர்ப்பு தனிவீடுங்க நடுவுல வர்ற அபார்ட்மென்ட்டையும் ஒட்டுண்ணின்னு சொல்லிடுச்சு. இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கீழ்க்கோர்ட் ஜட்ஜ், இந்தச் சட்டத்தால நடக்கப்போறது ஜனங்களை வருமானத்தை வெச்சு பிரிக்கறதுதான்னு எழுதியிருந்தார், அதுவும் நடந்துச்சு. புகையை எதிர்க்கிறேன்னு ஆரம்பிச்ச சட்டம் வாடகைக்கு வர்றவனை எதிர்க்கிறதுல போய் நின்னுது. எங்க மனுலயும் அந்த வரி ஒண்ணு இருந்துச்சு, அடிக்கச் சொன்னேன், ரெண்டு பேருக்கு கோவம்.

இன்னொண்ணு, கடைன்னாலே விரோதி கிடையாது. ஜப்பான்ல நிலத்தை 13 வகையா பிரிச்சிருக்காங்க, அதுல ரொம்ப கண்டிப்பான, உயரம் குறைஞ்ச வீடுங்களுக்குன்னு ஒதுக்கின மண்டலத்துலயே வீட்டோட சேர்ந்த சின்னக் கடை 50 சதுர மீட்டருக்குள்ள வெச்சுக்கலாம். நடந்து போய் ஒரு நோட்டு பேனா வாங்கறதுக்கு யாருக்கு வலிக்குது? அளவும் பின்பக்கமும்தான் பிரச்னை. இதைச் சொன்னதுக்கு “நீங்க எந்தப் பக்கம் சார்”னு ஒருத்தர் கேட்டார்.

அப்பறம் அந்த போட்டோ. அமெரிக்காவுல சியாட்டில்ல மூணு பக்கமும் கான்கிரீட் சுவருக்கு நடுவுல மாட்டின குட்டி வீடு, ஈடித் மேஸ்ஃபீல்டுங்கற பாட்டியோடது, பத்து லட்சம் டாலர் குடுத்தும் விக்கல. “பாருங்க, எப்படி எதிர்த்து நின்னாங்க”ன்னு குரூப்புக்கு குரூப் சுத்துது. அந்தப் பாட்டி கட்டடத்தை எதிர்க்கவே இல்ல, தன் வீட்டுல சாகணும், அவ்வளவுதான் ஆசை. சைட்டைப் பாத்துக்கிட்ட சூப்பரின்டென்டன்ட்தான் கடைசி காலத்துல அவங்களைப் பாத்துக்கிட்டார், 2008ல அவங்க போனப்போ வீட்டை அவருக்கே எழுதி வெச்சுட்டு போனாங்க. நம்ம சண்டைக்கு அந்த அம்மாவை இழுக்க வேண்டாம்.

எதிர்ப்புக்கு உதாரணம் வேணும்னா நியூ லண்டனைப் பாருங்க, அதுவும் அமெரிக்காதான், கனெக்டிகட் மாகாணம். வேலை வரும், வரி வரும்னு சொல்லி குடியிருந்த வீடுகளையே நகர நிர்வாகம் எடுத்துச்சு, சுசெட் கெலோங்கற நர்ஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2005ல 5க்கு 4ன்னு தோத்தாங்க. வளர்ச்சிக்கு காரணமா காட்டின ஃபைசர் கம்பெனி 2009ல அந்த ஊர் ஆபீஸை மூடறதா அறிவிச்சுடுச்சு, வீடு இடிச்ச இடம் வருஷக்கணக்கா புல்லு முளைச்சு கிடந்துச்சு. அதனால “இத்தன பேருக்கு வேலை”ன்னு சொல்றப்போ, வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு எழுதிக் கேக்கணும். கேக்கறதால கிடைக்கவும் செய்யுது, லாஸ் ஏஞ்சலஸ்ல அப்போ ஸ்டேபிள்ஸ் சென்டர்னு பேர் இருந்த விளையாட்டு அரங்கத்துக்குப் பக்கத்துல பெரிய திட்டம் வந்தப்போ அக்கம்பக்கத்து ஜனங்களும் தொழிலாளர் சங்கங்களும் ஒண்ணா சேந்து 2001ல டெவலப்பரோட ஒப்பந்தமே போட்டாங்க, உள்ளூர் ஆளுக்கு வேலை, பூங்காவுக்கு பணம், குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்னு பார்க்கிங் பெர்மிட், எல்லாம் எழுத்துல. கூட்டத்துல மைக் புடிச்சு குடுக்கிற வாக்கு கட்டடம் வேற கைக்கு வித்துப்போனா கூட வராது. அனுமதி ஆர்டர்ல நிபந்தனையா ஏறணும்.

எங்க கதை இப்போ எங்க நிக்குதுன்னா, “வேண்டவே வேண்டாம்”ங்கற மனுவோட இன்னொரு மனுவும் போயிருக்கு, அதுல ஜென்செட், கேட்டு, லோடு இறக்குற நேரம், மழைத்தண்ணித் தொட்டின்னு இடம் குறிச்சு கேட்டிருக்கோம். ஜென்செட்டை மெயின் ரோட்டுப் பக்கம் மாத்த ஒத்துக்கிட்டாங்க. சந்துக் கேட்டை தீயணைப்பு வண்டிக்கு மட்டும் வெச்சுக்கலாம்னு பேச்சு ஓடுது. லோடு வண்டி ராத்திரி 10லேருந்து காலைல 6 வரைக்கும் வரக்கூடாதுங்கறதுக்கு மட்டும் பிடி குடுக்கவே மாட்டேங்கறாங்க, கடைக்காரங்க வரமாட்டாங்களாம். போன வாரம் திருத்தின வரைபடம் அனுப்பினாங்க, நானும் இன்ஜினியர் சாரும் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தோம், ஜென்செட் சொன்னபடி நகந்திருக்கு, ஆனா பழசுல இருந்த குப்பை ரூமை புதுசுல எங்கயுமே காணோம், அவ்வளவு பெரிய காம்ப்ளெக்ஸ்ல குப்பையே விழாதான்னு கேட்டு சாயங்காலமே மெயில் போட்டாச்சு, இன்னும் பதில் இல்ல.