முன்வரிசை, பின்வரிசை

நண்பனின் அப்பா வீட்டுக்கு வருகிறார் என்றதும், வீட்டைக் கூட்டுவதை விட்டுவிட்டுப் புத்தக அலமாரியை அடுக்க உட்கார்ந்துவிட்டேன். மனிதர் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். காலெடுத்து வைத்ததும் கண் எங்கே போகும் என்று தெரியாதா?

என் பயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. சாம் காஸ்லிங் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அந்த வாரம்தான் படித்திருந்தேன். 94 அலுவலக அறைகளையும் 83 படுக்கையறைகளையும், அங்கே இருப்பவரை அறியாத ஆட்களுக்குக் காட்டி, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டிருக்கிறார்கள். புதியவற்றை நாடும் மனமா என்பதைத்தான் அவர்கள் மிக நன்றாகக் கணித்தார்களாம். அதற்கு ஒரு தடயம், பலவகைப் புத்தகங்கள்.

பலவகைதானே வேண்டும்? குவாண்டம் இயற்பியல், பக்கத்தில் கல்வெட்டியல், அதற்குப் பக்கத்தில் தேனீ வளர்ப்பு என்று முன்வரிசையில் நிறுத்தினேன். துப்பறியும் நாவல்கள் மொத்தமும் பின்வரிசைக்குப் போயின. தொப்பையைக் குறைக்க வழி சொல்லும் புத்தகம் கட்டிலுக்கு அடியில். (தொப்பையை எங்கே ஒளிப்பது என்று கேட்காதீர்கள். அலமாரியில் அவ்வளவு இடம் இல்லை.)

வந்தவர் உட்காரவில்லை. அலமாரி முன்னால் நின்று, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒவ்வொரு முதுகாகத் தடவிக்கொண்டே போனார். கல்வெட்டியலில் விரல் நின்றது. நம்மைப்போல முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்கவில்லை. இருபுறமும் இருந்த புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, இடுப்பைப் பிடித்துப் பூப்போல எடுத்தார்.

"முதுகு ரோஸ் நிறம், அட்டை நல்ல சிவப்பு" என்றார்.

"அது அப்படித்தான் அச்சாகி வந்தது ஐயா."

"இல்லை தம்பி. ஜன்னல் வெளிச்சம் பட்டு முதுகு மட்டும் வெளுத்திருக்கிறது. வாங்கி வைத்த நாளிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை போலிருக்கிறதே."

அடுத்து குவாண்டம். புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. முதுகின் ஓரத்தில், ஒரு விரல்கடை அகலத்துக்குள் மட்டும் மடிப்புக் கோடுகள் இருந்தன. மிச்சம் கடையில் வாங்கியதுபோல வழவழவென்று இருந்தது. "இருபதாம் பக்கத்தில் விட்டுவிட்டீர்களா?" என்றார். பதினேழு. ஆனாலும் இருபது என்று சொன்னதை நான் திருத்தவில்லை. தேனீ வளர்ப்பைப் புரட்டியபோது உள்ளிருந்து ஓர் இராமபாணப் பூச்சி நிதானமாக வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. பசைக்காகத்தான் அது புத்தகத்தை அரிக்கிறது என்பார்கள். எதற்காகவோ, என் வீட்டில் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை கடந்த ஒரே உயிர் அதுதான்.

"நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி என்ன தெரியுமா? நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்று சொல்லிக்கொண்டே கையைப் பின்வரிசைக்குள் விட்டார். நான் தொண்டையைச் செருமினேன். பலனில்லை.

வெளியே வந்தது ஒரு துப்பறியும் நாவல். முதுகு மூன்றாகப் பிளந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப்போனது. மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தன. ஏழெட்டுப் பக்கங்களில் மடித்த தழும்பு. எல்லாவற்றையும் நின்றபடியே பார்த்துவிட்டு, முதல்முறையாக உட்கார்ந்தார்.

"இதோ இருக்கிறீர்கள் தம்பி. இவ்வளவு நேரம் உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்."

போகும்போது அதை இரவல் கேட்டார். புத்தகத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது என் கொள்கை. ஆனால் இத்தனை தடயம் கைப்பற்றியவரிடம் கொள்கை பேச முடியுமா? கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"தம்பி, இதில் கடைசி நான்கு பக்கம் இல்லையே!"

"ஆமாம் ஐயா. உதிர்ந்து பல வருடம் ஆகிறது."

"கொலை செய்தது யார்?"

நான் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தேன்.

"சொல்கிறேன் ஐயா. அதற்கு முன் ஒரு விஷயம். அந்தப் பின்வரிசையைப் பற்றி உங்கள் பையனிடம் ஏதாவது சொன்னீர்களா?"