விபத்து வழக்கு நடத்த விரும்பும் சட்ட மாணவர்களுக்கு

காலாப்பட்டு அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் விபத்து வழக்குகள் நடத்துகிறேன். வழக்கறிஞர் தொழில் செய்ய எழுதும் அகில இந்திய பார் தேர்வுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தை எப்படிப் படிப்பது என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். தேர்வுக்கு மட்டும் என்றால் கவலை வேண்டாம். தீங்கியல், மோட்டார் விபத்து, நுகர்வோர் சட்டம் எல்லாம் சேர்த்தே 100-க்கு 5 கேள்விதான். குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் (சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) கொண்டுபோகலாம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 164, 166, 168 பிரிவுகளைச் சட்டென்று புரட்டத் தெரிந்தால் போதும்.

தொழிலுக்கு அது போதாது. இங்கே நஷ்டஈட்டுக் கணக்குப் போட வேண்டும். அதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தெரிய வேண்டும். மல்டிப்ளையர் (ஆண்டு வருமானத்தை வயதுக்கு ஏற்ப எத்தனையால் பெருக்குவது என்ற எண்) அட்டவணைக்கு 2009 சரளா வர்மா தீர்ப்பு, எதிர்கால வருமான உயர்வுக்கு 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆனால் வரி வரியாகப் படிக்க வேண்டியது 2010 ராஜ்குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்பைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 32 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர், லாரி மோதி முழங்கால் மடங்காமல் போய்விட்டது. மருத்துவ வாரியம் 30 சதவீத ஊனம் என்கிறது. எதிர்கால உயர்வுக்காக வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டினால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கு மல்டிப்ளையர் 16, மொத்தம் 40,32,000. இறப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவைக் கழிப்பார்கள், காயம்பட்ட வழக்கில் அந்தக் கழிவு கிடையாது. 30 சதவீதம் என்றால் கையில் வருவது 12,09,600. ஆனால் அந்தக் காலோடு அவர் எப்படிச் சாரம் ஏறுவார்? ஊனம் எவ்வளவு என்பது வேறு, பிழைப்பு எவ்வளவு போனது என்பது வேறு என்கிறது ராஜ்குமார் தீர்ப்பு. இழப்பு 60 சதவீதம் என்று நிரூபித்தால் 24,19,200. அந்தக் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம்தான் வாழ்க்கை.

நிரூபிப்பது சாட்சியத்தில் இருக்கிறது. டாக்டர் கூண்டில் நிற்கும்போது சதவீதத்தோடு விட்டுவிடாதீர்கள். குத்துக்கால் போட்டு உட்கார முடியுமா, சுமை தூக்கி ஏணி ஏற முடியுமா என்று கேட்டுப் பதிவாக்குங்கள். வேலை கொடுத்த மேஸ்திரியையும் சாட்சியாகக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நம் பக்கத்து வழக்குகளில் காயம்பட்டவரை முதலில் கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜிப்மருக்கு அனுப்புவது வழக்கம். ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) ஓரிடத்தில், டிஸ்சார்ஜ் சம்மரி இன்னோரிடத்தில் இருக்கும். இரண்டையும் மனு போடும் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஃபீஸ் விஷயம்: நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. கட்சிக்காரரிடம் தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.