லைட்டரில் காட்டினால் அணையும் வயர்

வீட்டு வயரிங்குக்குச் சாமான் வாங்கப் போனபோது கடைக்காரர் ஒரு துண்டு வயரை வெட்டி லைட்டரில் பிடித்தார். பற்றியது, லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. "பாருங்க சார், எஃப்ஆர். எரியவே எரியாது." எஃப்ஆர் என்றால் தீ பரவாமல் தடுக்கும் ரகம். எனக்கு அது அணைந்ததைவிட அப்புறம் வந்த புகைதான் மனதில் நின்றது. ரெண்டு இன்ச் துண்டுக்கே, ஃபேன் ஓடியும், தொண்டை கரகரத்தது.

அந்த வயரின் மேலுறை பிவிசி என்ற பிளாஸ்டிக், அது அணைவதில் அதிசயம் இல்லை. அதன் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். சூடானால் அது ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிந்து வந்து, தீயை வளர்க்கும் தொடர்வினையை நடுவிலேயே அறுத்துவிடும். ஆனால் வயர் வளைய வேண்டுமே, அதற்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலக்கிறார்கள், அது நன்றாகவே எரியும். அதைச் சரிக்கட்ட ஆன்டிமனி ட்ரையாக்சைடு. தனியாக அது பெரிதாக ஒன்றும் செய்யாது, குளோரினோடு கூட்டுச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சரி, தீ அணைந்தது. ஆனால் தீயை அணைத்த அதே வாயு ஈரத்தைத் தொட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணிலும் நுரையீரலிலும் ஈரத்துக்கா பஞ்சம்?

எஃப்ஆர்எல்எஸ், அதாவது புகை குறைந்த எஃப்ஆர் என்று விற்கும் ரகமும் பிவிசிதான். புகையும் அமில வாயுவும் குறைவாக வரும்படி கலவையை மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். குறையும், இல்லாமல் போகாது.

ஹெச்எஃப்எஃப்ஆர், அதாவது ஹாலஜன் (குளோரின் வகைத் தனிமங்கள்) இல்லாத எஃப்ஆர், வேறு ரகம். அதில் குளோரினே கிடையாது. எளிதில் எரியக்கூடிய பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக்கில் அலுமினியம் ஹைட்ராக்சைடு மாதிரி ஒரு மாவைக் கலந்திருப்பார்கள். சுமார் 200 டிகிரி தாண்டினால் அந்த மாவு தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுவிடும். அது சூட்டை உறிஞ்சும், எரியும் வாயுவை நீர்க்க வைக்கும், மிச்சம் மேலே ஓடு மாதிரி படியும். பிளாஸ்டிக்குக்குள்ளேயே தண்ணீரை ஒளித்து வைத்த மாதிரி, எனக்கு ரொம்பப் பிடித்த வேதியியல் இது. ஆனால் ஒரு சிட்டிகை போட்டால் போதாது. கலவையில் 60 சதவீதம் வரைகூட மாவுதான், பிளாஸ்டிக்கில் மாவு போட்டார்களா, மாவில் பிளாஸ்டிக் போட்டார்களா என்று கேட்கலாம். வயர் விறைப்பாகிறது, விலையும் கூடுகிறது.

லைட்டரில் பிடித்தால் மூன்றும் அணைந்துதான் போகும். எரிகிற வீட்டில் பலரும் மூச்சு முட்டித்தான் சாகிறார்கள், கடையில் நமக்குக் காட்டுவதோ தீயை மட்டும்.

கடைசியில் படுக்கையறைக்கும் மாடிப்படிக்கும் மட்டும் ஹெச்எஃப்எஃப்ஆர் வாங்கினேன், மற்ற இடத்துக்கு எஃப்ஆர்எல்எஸ். பைப்பில் இழுக்கும்போது ஒவ்வொரு பெண்டிலும் எலெக்ட்ரீஷியன் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "செவுத்துக்குள்ள போற வயருக்கு இவ்ளோ ஆராய்ச்சியா சார்?"